வலிக்காத கைக்கு ஒரு பிடி

யாங்கோன் நகரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஷ்வேப்யிதாவிலிருந்து பேசுகிறேன். இங்கே இப்போது மின்சாரம் இல்லை. கைப்பேசியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது, பேசி முடிக்கும்வரை தாங்கும் என்று நம்புகிறேன். நடுவில் முகம் மறைந்து குரல் மட்டும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முன்னால் நான் ஒரு நர்ஸ். செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே நர்ஸையும் டீச்சரையும் பர்மிய மொழியில் 'ஸயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பகுதித் தமிழர்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இலக்கியக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் எதைப் பற்றிப் பேசுவது என்று யோசித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றியே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு தோசைத் திருப்பியின் கைப்பிடி. சிரிக்காதீர்கள். அந்தக் கைப்பிடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு சட்டம் இருக்கிறது, கொல்லிமலை இருக்கிறது, வேலூர் இருக்கிறது. நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தெருமுனையில் ஓர் அத்தை தோசைக்கடை போட்டிருக்கிறார். உறவில் அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. ஒரு கரி அடுப்பு, ஒரு கல், நாலு பிளாஸ்டிக் முக்காலி. அவ்வளவுதான் கடை. பர்மாவில் தோசையும் பர்மியப் பெண்ணாகிவிட்டது. மேலே வேகவைத்த பட்டாணியும் பொடியாக நறுக்கிய முட்டைக்கோசும் தூவி, முறுகலாக மடித்துத் தருவார்கள். தையல் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் காலையில் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. வயதுப் பெண்ணாக இருந்தபோது தொழுநோய் வந்து, மருந்தை முழுவதும் சாப்பிட்டுக் குணமானவர். கிருமி போய்ப் பல வருடம் ஆயிற்று. ஆனால் அது போவதற்கு முன்னால் வலது கையின் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கிபோல மடிந்து நிற்கும். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வராது. உள்ளங்கையில் சூடும் தெரியாது, குத்தலும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், திருப்பி கையிலிருந்து நழுவி விழுந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னார். சாதாரண இரும்புத் திருப்பி. பிடி விரல் தடிமன்கூட இல்லை. நான் அதன்மேல் கட்டுத்துணியைச் சுற்றி, எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டை நனைத்து அதன்மேல் சுற்றி, ஈரம் காயுமுன் அத்தையைப் பிடிக்கச் சொன்னேன். அவர் கையின் அச்சு அப்படியே பதிந்து இறுகியது. மேலே பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தேன்.

"கை திரும்ப வந்த மாதிரி இருக்கு ஸயாமா," என்றார். அன்று என்னிடம் தோசைக்குக் காசு வாங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போனபோது, தோசை வாசனையை மீறி வேறொரு வாசனை வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பழகிய வாசனை. கையைத் திருப்பிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் அடியில், உள்ளங்கையில், ஐம்பது பைசா அகலத்துக்குப் புண். பிடியின் ஓரத்தில் மாவுக்கட்டு உடைந்து ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்திரி உரிந்திருந்தது. அந்த விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு அத்தை எத்தனை நாள் தோசை திருப்பினாரோ! வலித்திருந்தால் முதல் தோசையிலேயே பிடியை மாற்றியிருப்பார். வலிக்கவில்லை.

இரண்டு மாதம் கடை மூடிக்கிடந்தது. புண் ஆறியது, தழும்பு இருக்கிறது. அத்தை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் நான் நர்ஸ். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையில் பலம் இல்லாதவருக்குச் செய்யும் பிடியை, கையில் வலி இல்லாதவருக்குச் செய்துவிட்டேன். இரண்டும் ஒன்று என்று நினைத்தேன். ஒன்றல்ல என்பதைக் கண்டுபிடித்தவர்கள் யார், எப்படி என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

தேடலில் முதலில் கிடைத்தது ஒரு சட்டம். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம். அப்போது பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. வேலைக்காகக் கப்பலேறி வந்த நம்மவர்களால் ரங்கூன் நிறைந்துகொண்டிருந்த காலம் அது. 1931 கணக்கெடுப்பு வரும்போது இந்த நகரத்தின் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்று ஆகிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், அரிசி ஆலையில் வேலை செய்தவர்கள். எல்லாரும் கையை நம்பி வந்தவர்கள்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? அரசு அறிவித்த பகுதிகளில், தொழுநோய் உள்ளவர் விற்பனைக்காக உணவு சமைக்கக் கூடாது, விற்கவும் கூடாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. வாடகை வண்டி ஓட்டக் கூடாது, அதில் ஏறவும் கூடாது. அரசு தடை செய்யும் வேறு எந்தத் தொழிலையும் செய்யக் கூடாது. சரி, தொழில் செய்யாமல் எப்படிச் சாப்பிடுவது? பிச்சை எடுக்கலாமா? அதற்கும் அதே சட்டத்தில் பதில் இருந்தது. பிச்சை எடுக்கும் தொழுநோயாளியை, பிழைக்க வழியில்லாமல் திரியும் தொழுநோயாளியை, பிடியாணை இல்லாமலே போலீஸ் பிடித்துப் போகலாம். பிறகு காப்பகம்.

தமிழில் 'பிடி' என்ற சொல்லைப் பாருங்கள். கருவியைப் பிடிப்பதும் பிடிதான், ஆளைப் பிடிப்பதும் பிடிதான். ஒரு பிடி சோறு என்பதும் அதேதான். முதல் பிடியை விட்டவனை இரண்டாவது பிடி பிடித்துக்கொண்டது, மூன்றாவது பிடிக்குக் காப்பகத்தின் தயவு.

அதே 1898இல்தான் பர்மாவின் மௌல்மெயின் நகரில், இன்று மவ்லமியாயின் என்கிறோம், சூசன் ஹாஸ்வெல் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிப் பெண் தொழுநோயாளிகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அது இன்றும் கிறிஸ்தவத் தொழுநோய் மருத்துவமனையாக இயங்குகிறது. சட்டமும் இல்லமும் ஒரே வருடத்தில் பிறந்தவை. ஒன்று கதவைச் சாத்தியது, ஒன்று திறந்தது. ஆனால் ஒரு நர்ஸாக நான் கவனிப்பது வேறொன்று. அந்தக் காலத்தில் அன்பாக நடத்தப்பட்ட இல்லங்களிலும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: இவர்களுக்கு இருக்க இடமும் உண்ணச் சோறும் கொடுக்க வேண்டும். இவர்கள் கை இனி வேலைக்கு ஆகாது. விரல்கள் தாமாகவே அழுகி விழுந்துவிடும் என்றுதான் டாக்டர்களும் நம்பினார்கள். நார்வேயில் ஹான்சன் 1873லேயே கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனாலும் விரல் ஏன் போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரு தச்சர். ஆம், முதலில் தச்சர், பிறகுதான் டாக்டர். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் மிஷனரிகள். மலைச் சிறுவர்களோடு ஓடியாடித் தமிழ் பேசி வளர்ந்த பையன் ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். 1929இல் அப்பா கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அப்பாவைப் போல மலையில் வீடு கட்ட வேண்டும் என்று பால் முதலில் கற்றுக்கொண்டது கட்டடத் தொழில்: தச்சும் கொத்தும். அதன்பிறகே மருத்துவம் படித்து, அறுவை மருத்துவராகி, 1946இன் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய அதே வேலூர்.

1947இல் செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு பிராண்ட் போனார். அதை நடத்திய ராபர்ட் காக்ரேன் கூட்டிப்போய்க் காட்டினார். தோட்டத்தில் சுற்றிவரும்போது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் பிராண்ட் கையை நீட்டி, "என் கையை உன்னால் முடிந்தமட்டும் அழுத்து" என்கிறார். பூ தொட்ட மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தார். அந்த மனிதர் அழுத்தியதும் வலியில் துடித்துவிட்டார். இடுக்கி பிடித்த மாதிரி, நகம் தோலில் இறங்க, அப்படி ஒரு பிடி. நிமிர்ந்து பார்த்தால் அந்த மனிதர் முகத்தில் சாதாரணமான ஒரு புன்னகை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நான் இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அத்தையின் கையை நினைத்துக்கொண்டேன். பலம் இல்லை என்று நினைத்துத்தானே பிடி கட்டிக்கொடுத்தேன்? பலம் இருந்திருக்கிறது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கும் தசைகள் இந்த நோயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நோய் கெடுப்பது முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பையும் மணிக்கட்டில் ஓடும் நரம்பையும். அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன, உணர்ச்சியும் போகிறது. விரலை மடக்கும் பெரிய தசை மட்டும் தனியாக இழுக்கும்போது, விரல் நுனியிலிருந்து சுருண்டு கொக்கியாகிறது.

நல்ல கை ஒரு டம்ளரைப் பிடிக்கும்போது உள்ளங்கை முழுவதும் அதைத் தழுவிக்கொள்ளும். கொக்கிக் கை பிடிக்கும்போது விரல் நுனிகளும் ஒன்றிரண்டு எலும்பு முனைகளும் மட்டுமே படும். அதே பலம், பத்தில் ஒரு பங்கு இடத்தில். அழுத்தம் பத்து மடங்கு. நமக்கென்றால் ஒரு நிமிடத்தில் வலித்து, நமக்கே தெரியாமல் பிடியை மாற்றிக்கொள்வோம். மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரியும், கை தானாகவே மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருக்கும். வலி தெரியாத கை நகராது. இறுக்கிப் பிடித்த இடத்திலேயே இறுக்கிக்கொண்டிருக்கும்.

பிராண்ட் சொல்லும் இன்னொரு சம்பவம். ஒரு கிடங்கின் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. பிராண்ட் முயன்று தோற்றார். நோயாளியான ஒரு சிறு பையன் வந்து, "நான் திறக்கிறேன் டாக்டர்" என்று சாவியைத் திருகினான். பூட்டு திறந்துகொண்டது. தரையில் ரத்தச் சொட்டு. பையனின் விரலைப் பார்த்தால் சாவியின் விளிம்பு எலும்புவரை வெட்டியிருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை.

அந்தப் பூட்டைத் தன் கல்விக்குத் திறவுகோலாகவே பிராண்ட் நினைத்தார். விரல்கள் அழுகி விழுவதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காயப்பட்டுத் தேய்ந்துபோகின்றன. சூடான பாத்திரம், கரடுமுரடான பிடி, ஆறாத புண்ணோடு திரும்பவும் வேலை. காரணம் தெரியாத காயங்களும் இருந்தன. இரவில் நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. ராத்திரி கண்விழித்துப் பார்த்தபோது, தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். அதன்பிறகு பூனை வளர்க்கச் சொன்னார்கள். மருத்துவத்தில் பூனையும் ஒரு சிகிச்சையாக இருந்த காலம்!

1948இல் வேலூரில் கை அறுவை சிகிச்சைகள் தொடங்கின. முன்கையில் நன்றாக இருக்கும் ஒரு தசைநாணைப் பிரித்துக் கொண்டுவந்து செயலிழந்த விரலோடு இணைப்பார்கள். பிறகு அந்த நாணுக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். இதற்கு ரூத் தாமஸ் என்ற ஆங்கிலேய இயன்முறை மருத்துவர் துணையாக இருந்தார். வாரக்கணக்கில் பயிற்சி. பல வருடங்களாக மூடிக்கிடந்த கை திறந்தது.

திறந்த கையோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவரின் குறை பிராண்டைத் தூக்கிவாரிப் போட்டது. முன்பு மடங்கிய கையைப் பார்த்து இரங்கிப் பிச்சை போட்டார்கள். இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் குறைந்துவிட்டது. ஆனால் முகத்திலும் தோலிலும் நோயின் அடையாளம் இருப்பதால் யாரும் வேலை கொடுப்பதில்லை. பிச்சைக்கு ஆகாத கையாகிவிட்டது. வேலைக்கும் ஆகாத கை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கிறிஸ்தவக் கதை ஞாபகம் வரும். ஓய்வுநாளில் ஜெபாலயத்தில் சூம்பிய கையுள்ள ஒருவரை இயேசு குணமாக்கியதாக நற்செய்தி நூல்களில் இருக்கிறது. அந்த மனிதர் யார், என்ன தொழில் என்று அங்கே இல்லை. நாலாம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் மத்தேயு நற்செய்திக்கு உரை எழுதும்போது, எபிரேயக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்திய ஒரு சுவிசேஷத்தில் அந்தச் செய்தி இருப்பதாகக் குறிப்பிடுகிறார். அந்த மனிதர் ஒரு கொத்தனார். கையால் பிழைத்தவர். வெட்கத்தோடு பிச்சை எடுத்துச் சாப்பிடாமல் இருக்கத் தன் கையைக் குணமாக்கும்படி அவர் கேட்டாராம். எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அவர் அழகான கையைக் கேட்கவில்லை. கொத்துக் கரண்டி பிடிக்கும் கையைக் கேட்டார்.

வேலூரில் கொத்து வேலை தெரிந்த டாக்டருக்கு அது புரிந்தது. 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் சில மண்குடிசைகளைக் கட்டினார்கள். முதிய மிஷனரிப் பெண்மணி ஒருவர் தன் சேமிப்பைக் கொடுத்தார். அந்தச் சின்னக் குடியிருப்புக்கு நவஜீவ நிலையம் என்று பெயர். அறுவை சிகிச்சை முடிந்த இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு கற்றார்கள். மர பொம்மைகள் செய்தார்கள். தச்சுப் பட்டறை என்றால் உளி, சுத்தியல், ரம்பம். வலி தெரியாத கைகளுக்கு இதைவிட ஆபத்தான இடம் வேறு என்ன இருக்கிறது? பிராண்டும் அந்த இளைஞர்களும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். எந்தக் காயமும் 'நோயினால் வந்தது' அல்ல. எந்தக் கருவி, எந்த விளிம்பு, எந்த நேரம்?

அப்படிப் பார்க்கப் பார்க்கக் கருவிகள் மாறின. பிடிகள் தடித்தன, வழவழப்பாயின, ஓரங்கள் மழுங்கின. கருவி பிடிக்கும் கைக்கு அந்த மாற்றத்தின் பொருள் இதுதான்: பலம் கொடுப்பது பிடியின் வேலை இல்லை. வலி செய்திருக்க வேண்டிய வேலையை அது செய்ய வேண்டும். 'இங்கே அழுத்தாதே, அகலமாகப் பிடி, நெருப்புக்குக் கிட்டே போகாதே' என்று நரம்பு சொல்லியிருக்கும். நரம்பு சொல்ல முடியாததை மரம் சொல்ல வேண்டும். அதனால்தான் பிடி தடிமனாக, மெத்தென்று, சூடேறாத பொருளில், அடுப்பிலிருந்து தள்ளி நிற்கும் நீளத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாக்குத்துணிச் சுற்றும் ஒரு சைக்கிள் டியூபும் போதும். விலை ஒன்றுமில்லை. ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. தினமும் மாலையில் கையைக் கண்ணால் பார்க்க வேண்டும். வலி பார்க்காததைக் கண் பார்க்க வேண்டும். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறது? அந்த இடம்தான் நாளைக்குப் புண்ணாகப் போகும் இடம். தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, சிவந்த இடத்துக்கு நேரே இருக்கும் பிடியைத் திருத்த வேண்டும். நான் கட்டிய பிடியில் இல்லாமல் போனது இந்தக் கடைசிப் பாதி. கட்டிக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு நாள் திரும்பிப் பார்க்கவில்லை.

1955இல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. கையையும் காலையும் கண்ணையும் காப்பாற்றும் வேலைக்கு மருத்துவர்களையும் இயன்முறைப் பணியாளர்களையும் அங்கே பயிற்றுவித்தார்கள். எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி என்ற அறுவை மருத்துவர் அங்கே பணியாற்றி, இந்தச் சிகிச்சைகளைப் பற்றி 1971இல் எழுதிய நூல் பல நாடுகளில் பாடமாயிற்று. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. வேலூரில் இளம் டாக்டர். பிராண்டின் ஊக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நடக்க முடியாதவர் பிடிக்க முடியாதவர்களின் கையைத் திறந்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த அறிவு பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கிராமத்துக்கு நடந்தது. இறுகும் எபாக்ஸி மாவைப் பிடியில் அப்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, நோயாளியையே பிடிக்கச் சொன்னால் அவர் கையின் வடிவமே பிடியாகிவிடும். சொல்லப்போனால் நான் மாவுக்கட்டில் செய்ததும் இதுதான், உடையாத பொருளில் செய்திருக்க வேண்டும். மெக்சிகோ மலைக்கிராமங்களில் வேலை செய்த டேவிட் வெர்னர் 1987இல் வெளியிட்ட, ஊனமுற்ற கிராமக் குழந்தைகளுக்கான நூலில் படம் போட்டு விளக்கியிருப்பது இந்த மாதிரி எளிய வழிகளைத்தான்.

நீங்கள் இருக்கும் நாடுகளிலும் இந்தப் பிடி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சமையலறை இழுப்பறையில் கறுப்பு ரப்பர் வைத்த தடித்த பிடியுள்ள தோல்சீவி இருக்கிறதா? 1990இல் அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர் அந்த வகைக் கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மூட்டுவாதத்தால் அவர் மனைவிக்கு மெல்லிய இரும்புப் பிடியைப் பிடிக்க முடியவில்லை. மனைவிக்காக யோசித்தது எல்லாருக்கும் வசதியாகிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்காதீர்கள். மூட்டுவாதக் கைக்கு வலி அதிகம், அது தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளும். சர்க்கரை நோயால் உணர்விழந்த கை, பக்கவாதத்தில் மரத்த கை, தொழுநோய் வந்துபோன கை, இவற்றுக்கு அந்தக் காவல் இல்லை. உங்கள் அம்மாவுக்கோ மாமனாருக்கோ தடித்த பிடிக் கரண்டி வாங்கிக் கொடுத்தால், அவருக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் தினமும் அந்தக் கையைப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் நாட்டில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத நிலையை 2003இல் எட்டிவிட்டோம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பது அதன் கணக்கு. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் கணக்கு. மருந்து கிருமியைக் கொல்லும், செத்த நரம்பை எழுப்பாது. மருந்து முடிந்ததும் அத்தையின் பெயர் சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் அந்த 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016இல்தான் நீக்கினார்கள். சட்டம் போய்விட்டது. அது மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்த அருவருப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

புண் ஆறி அத்தை திரும்பக் கடை போட்ட வாரத்தில் அதை நேரில் பார்த்தேன். புதிதாகக் குடிவந்த ஒரு பெண் தோசை வாங்கினாள். காசு கொடுக்கும்போது அத்தையின் கையைப் பார்த்துவிட்டாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய், முனை திரும்பியதும் சாக்கடையில் போட்டாள். நான் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். அவளைக் கூப்பிட்டு, குணமானவரிடமிருந்து ஒட்டாது என்று நர்ஸ் பேச்சுப் பேசினேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதைப்பற்றி அத்தையிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மறுநாள் நான் போனபோது, "இன்னிக்கு ரெண்டு தோசையா சாப்பிட்டுப் போ ஸயாமா, இங்கேயே உக்காந்து சாப்பிடு," என்றார். தெருவைப் பார்த்தாற்போல் முக்காலியைப் போட்டார். எதற்கு அந்த இடத்தில் போட்டார் என்று புரிந்தது. உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டேன்.

இப்போது அவர் கையில் இருப்பது மூன்றாவது பிடி. தச்சரிடம் கொடுத்து மண்வெட்டிக் காம்பு தடிமனில் மரத்தைக் கடைந்து, இரும்புத் தண்டை நீட்டி, மேலே சைக்கிள் டியூப் போட்டது. இரண்டாவது பிடி சுண்டுவிரல் மூட்டில் சிவப்புக் காட்டியது, இழைத்துத் தள்ளினோம். தினமும் கடை மூடியதும் பேத்தி பாட்டியின் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் போட்டு, விளக்கைப் பிடித்துப் பார்க்கிறாள். அவளுக்குப் பத்து வயது. சிவப்பு இருந்தால் என்னிடம் ஓடிவருவாள். இதுவரை நாலு தடவை வந்திருக்கிறாள். நாலு தடவையும் புண்ணாகுமுன் பிடித்துவிட்டோம்.

போன வாரம் அத்தை என்னை நிறுத்தி, ஒரு சீப்பைக் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் சீப்பு. இதுக்கும் ஒரு பிடி வேணும் என்றார்.

"உங்களுக்குத் தலைவார இடது கை போதுமே அத்தை?"

"எனக்கு இல்ல. புள்ளைக்குச் சடை போடணும். ரெண்டு கையும் வேணும்ல?"

தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாங்கிவர வேண்டும். கைப்பேசியில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது.